குறி காணாமப்போனா கார்டே காலி! - 'மேஜிக்' கேமில் ஸ்பெல் புஸ்வாணம் ஆவது எப்படி?

ஒரு நிமிஷம் இந்தக் காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. 'மேஜிக்: த கேதரிங்' ஆடிக்கிட்டு இருக்கீங்க. உங்க லைஃப் வெறும் 2. எதிராளிக்கு 10. அவரோட ரெண்டு ஜாம்பிகள் உங்களை நோக்கி அட்டாக்குக்குக் கிளம்பிவிட்டன. ரெண்டுமே 2/2. அதாவது, ஒவ்வொன்றும் 2 டேமேஜ் கொடுக்கும். 2 டேமேஜ் வாங்கினால் செத்துவிடும். தடுத்து நிறுத்த உங்க பக்கம் ஒரு கிரீச்சர்கூட இல்லை. கையில் ஒரே ஒரு கார்டு. அதைப் போடத் தேவையான 2 மனா மட்டும் இருக்கு.

அந்தக் கார்டு 'லைட்னிங் ஹீலிக்ஸ்'. நீங்க குறிவைக்கும் எதன் மேலும் 3 டேமேஜ் விழும், கூடவே உங்களுக்கு 3 லைஃப் ஏறும். கணக்கு ஈஸி. ஒரு ஜாம்பி மேல போட்டா அது காலி. உங்க லைஃப் 2-லிருந்து 5 ஆகும். மிச்சம் இருக்கிற ஜாம்பி வந்து 2 அடிக்கும். 3 லைஃபோட தப்பிச்சிடலாம்.

போடுறீங்க. எதிராளி பதறவே இல்லை. அட்டாக்குக்கு வராம பின்னாடி நிற்கிற 'விசரா சீர்' என்கிற கார்டைப் பயன்படுத்துகிறார். தன்னோட கிரீச்சர் எதையாவது பலி கொடுத்தால், சீட்டுக்கட்டின் மேல் கார்டை எட்டிப்பார்க்க விடும் கார்டு அது. அவர் பலி கொடுத்தது, நீங்க குறிவைத்த அதே ஜாம்பியை!

உங்க ஹீலிக்ஸ் சத்தமில்லாம கிரேவ்யார்டுக்குப் போயிடுது. 3 டேமேஜ் வீணாப்போச்சு, சரி. ஆனா உங்களுக்கு வரவேண்டிய அந்த 3 லைஃப்? அதுவும் வரலை. இன்னொரு ஜாம்பி வந்து 2 அடிக்குது. கேம் ஓவர்.

போன்ல ஆடினா முதலில் 'இது பக் போல'ன்னுதான் தோணும். இல்லை. இது 'மேஜிக்'கின் ரொம்பப் பழைய ரூல். ஆடுறவங்க இதை 'ஃபிஸில்'னு சொல்வாங்க. நம்ம ஊர் பாஷையில் 'புஸ்வாணம்'. இன்னொரு விஷயம். மேலே சொன்ன அந்த நிலைமையிலும் நீங்க உயிர் பிழைக்க ஒரு வழி இருந்தது. அதைக் கடைசியில் சொல்றேன். அதுக்குள்ள நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நினைக்கிறேன்.

முதல்ல கேம் பத்தி ரெண்டு வரி

ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணிதக்காரர் உருவாக்கி, 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனம் 1993-ல் வெளியிட்ட கேம் இது. ஆளுக்கு 20 லைஃப். லேண்ட் கார்டுகள் மனா தரும். அந்த மனாவைச் செலவு செய்து கிரீச்சர்களை இறக்கலாம், ஸ்பெல் போடலாம். எதிராளியின் லைஃபை 0 ஆக்கினால் ஜெயிச்சிட்டீங்க. 2021 முதல் 'மேஜிக்: த கேதரிங் அரீனா' செயலி வழியா மொபைலிலும் ஆடலாம்.

ரம்மியில் நீங்க ஒரு சீட்டைக் கீழே போட்டால், போட்டதுதான். இங்கே அப்படியில்லை. நீங்க ஒரு ஸ்பெல் போட்டதும் அது உடனே வேலை செய்யாது. 'ஸ்டேக்' என்ற இடத்தில் போய்க் காத்திருக்கும். அந்த இடைவெளியில் எதிராளி பதிலுக்கு ஏதாவது போடலாம். அதுக்கு நீங்க பதில் போடலாம். அதுக்கு அவர்... இப்படியே போகும்.

கல்யாண மண்டபத்தில் கழுவி அடுக்கிவைத்த எவர்சில்வர் தட்டுகளைப் பார்த்திருப்பீங்க. கடைசியா வெச்ச தட்டைத்தான் முதல்ல எடுக்க முடியும். ஸ்டேக்கும் அதேதான். கடைசியா போட்ட ஸ்பெல் முதலில் வேலை செய்யும். முதலில் போட்டது அடியில் கிடந்து, தன் முறை வரும்வரை காத்திருக்கும். அப்படி முறை வந்து வேலை செய்வதைத்தான் 'ரிசால்வ்' ஆகிறது என்பார்கள்.

புஸ்வாணம் ஆவதெல்லாம் அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான்.

ஸ்பெல் ரெண்டு தடவை பார்க்கும்

'டார்கெட்' என்ற வார்த்தை இருக்கிற எந்த ஸ்பெல்லும் தன் குறியை ரெண்டு முறை சரிபார்க்கும். நீங்க போடும்போது ஒரு முறை. ரிசால்வ் ஆக ஆரம்பிக்கும்போது இன்னொரு முறை. ரெண்டாவது முறை பார்க்கும்போது, குறிவைத்த எல்லாமே செல்லாததாகிவிட்டால், ஸ்பெல் ரிசால்வ் ஆகவே ஆகாது. அதில் எழுதியிருக்கும் எதுவும் நடக்காது. நேரா கிரேவ்யார்டு. அதிகாரபூர்வ ரூல் புத்தகத்தில் 608.2பி என்ற எண்ணில் இருக்கிறது இது.

'எதுவும் நடக்காது' என்பதில்தான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. ஹீலிக்ஸ் கார்டில் ரெண்டு விஷயம் இருக்கு. டேமேஜுக்குக் குறி வேணும். லைஃப் ஏற குறி எதுவும் வேண்டாம். அப்போ லைஃபாவது வரணுமே?

வராது. கூரியர் உதாரணம் சொல்றேன். நீங்க ஆர்டர் செய்த பொருளோட ஒரு இலவச கிஃப்டும் அதே டப்பாவில் வருது. டெலிவரி செய்பவர் வர்றார், வீடு பூட்டியிருக்கு. 'பொருளை மட்டும் திருப்பி எடுத்துட்டுப் போறேன், கிஃப்டை வாசல்ல வெச்சுட்டுப் போறேன்'னு அவர் டப்பாவைப் பிரிக்க மாட்டார். மொத்த டப்பாவும் திரும்பிப் போகும். ஸ்பெல்லும் அப்படித்தான். டப்பாவைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே 'ஆள் இருக்கா'ன்னு பார்த்துடும்.

செலவு செய்த மனாவும் திரும்பி வராது. 1997-ல் வந்த 'கேப்சைஸ்' என்ற கார்டில் 'பைபேக்'னு ஒரு வசதி உண்டு. கூடுதலா 3 மனா கட்டினா, ஸ்பெல் ரிசால்வ் ஆகும்போது கார்டு திரும்ப உங்க கைக்கே வந்துடும். ஆனா புஸ்வாணம் ஆச்சுன்னா? ரிசால்வே ஆகலையே, எப்படி வரும்? 6 மனாவும் போச்சு, கார்டும் போச்சு. பார்க்கவே பாவமா இருக்கும்.

ஒரே ஆறுதல், ஸ்பெல்லைப் 'போட்டதற்காக' நடப்பவை நடந்துவிடும். 'ப்ரோவெஸ்' உள்ள கிரீச்சர், நீங்க கிரீச்சர் அல்லாத ஸ்பெல் ஒண்ணு போட்டாலே +1/+1 வாங்கிக்கும். அந்த ஸ்பெல் பின்னாடி என்ன ஆச்சு என்பது அதுக்குக் கவலையில்லை.

குறி எப்போ செல்லாமல் போகும்?

குறி ஆட்டத்தை விட்டே போயிடறது முதல் வகை. சாவது, பலி கொடுக்கப்படுவது, கைக்குத் திரும்புவது எல்லாம் இதில் சேர்த்தி. 1993-லேயே வந்த 'அன்சம்மன்', 1 நீல மனாவில் ஒரு கிரீச்சரை அதன் சொந்தக்காரர் கைக்கே அனுப்பிவிடும். உங்க கிரீச்சர் மேல எதிராளி கொலைகார ஸ்பெல் போட்டால், நீங்களே உங்க கிரீச்சர் மேல அன்சம்மன் போட்டு, பத்திரமா கைக்கு எடுத்துடலாம். அவர் ஸ்பெல் புஸ்வாணம்.

ரெண்டாவது கொஞ்சம் விஷமத்தனமானது. 'கிளவுட்ஷிஃப்ட்' என்ற 1 மனா கார்டு, உங்க கிரீச்சரை ஆட்டத்திலிருந்து எடுத்து, உடனே திரும்ப வைக்கும். கண்ணுக்கு ஒண்ணுமே மாறலை. அதே கார்டு, அதே இடம். ஆனா ரூல்படி அது புது ஆள்! இடம் மாறிப் போய்த் திரும்பி வந்தது பழைய கிரீச்சர் கிடையாது. அதனால், பழைய ஆளைத் தேடி வந்த ஸ்பெல்லுக்கு இவரைத் தெரியாது. இதை முதல்முறை பார்க்கிறவங்க சண்டைக்கே வருவாங்க.

மூணாவது, குறி அங்கேயே இருக்கும், ஆனா தொட முடியாததா மாறிடும். 'ஸ்னேக்ஸ்கின் வெய்ல்' போட்டா உங்க கிரீச்சருக்கு அந்த டர்ன் முழுக்க 'ஹெக்ஸ்ப்ரூஃப்' கிடைக்கும். எதிராளி அதைக் குறிவைக்க முடியாது. 'அவர் ஏற்கெனவே குறிவைத்துவிட்டாரே'ன்னு கேட்கலாம். அதான் ரெண்டாவது செக் இருக்கே! அதில் மாட்டிக்கும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 'வார்டு' என்ற திறன் இதே மாதிரி தெரியும், ஆனா குறிவைக்கிற அந்த நொடியில் மட்டும்தான் அது வேலை செய்யும். ஸ்பெல் வந்த பிறகு வார்டு கொடுத்துப் பிரயோஜனமில்லை.

இதில் எதுவுமே இல்லாத ஒன்றையும் சொல்லணும். 2/2 கரடி மேல எதிராளி 'லைட்னிங் போல்ட்' போடுறார், 3 டேமேஜ். நீங்க பதிலுக்கு 'ஜெயன்ட் குரோத்' போட்டுக் கரடியை 5/5 ஆக்கிடுறீங்க. கரடி பிழைச்சிடுச்சு. ஆனா இது புஸ்வாணம் இல்லை. கரடி இன்னும் செல்லுபடியான குறிதான். போல்ட் ரிசால்வ் ஆச்சு, 3 டேமேஜும் விழுந்துச்சு, அது பத்தலை, அவ்வளவுதான். ஒருவேளை அது போல்ட்டுக்குப் பதிலா ஹீலிக்ஸா இருந்தால், கரடி பிழைத்தாலும் அவருக்கு 3 லைஃப் ஏறியிருக்கும். பிழைக்க வைக்கிறது வேற, குறியையே இல்லாமல் ஆக்குறது வேற.

ரெண்டு குறியில் ஒண்ணு போனா?

எல்லா குறியும் போனால்தான் புஸ்வாணம். ஒண்ணாவது மிச்சம் இருந்தா ஸ்பெல் ரிசால்வ் ஆகும். செல்லாத குறிக்கு மட்டும் ஒண்ணும் நடக்காது. இதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறவங்க இதையே இன்ஷூரன்ஸ் மாதிரி பயன்படுத்துவாங்க.

'எலக்ட்ரோலைஸ்' என்ற கார்டைப் பாருங்க. 2 டேமேஜை ஒரு குறிக்கோ, இரண்டு குறிகளுக்குப் பிரித்தோ கொடுக்கலாம். கூடவே ஒரு கார்டு எடுத்துக்கலாம். எதிராளியின் 1/1 கிரீச்சரைக் கொல்லணும். ரெண்டு டேமேஜையும் அது மேலேயே போடலாம். ஆனா அவர் அதைப் பலி கொடுத்துட்டா, உங்களுக்கு வரவேண்டிய கார்டும் போயிடும். அதுக்குப் பதிலா, கிரீச்சருக்கு 1, எதிராளிக்கு 1 எனப் பிரிச்சிடுங்க. கிரீச்சர் ஓடினாலும் எதிராளி எங்கே ஓடுவார்? ஸ்பெல் கட்டாயம் ரிசால்வ் ஆகும், கார்டு உங்க கைக்கு வரும்.

ஒண்ணு கவனிங்க. பிரிச்சது பிரிச்சதுதான். கிரீச்சருக்குன்னு ஒதுக்கின 1 டேமேஜ், அது இல்லைன்னதும் எதிராளி பக்கம் திரும்பாது. வீணாப்போகும்.

'க்ரிப்டிக் கமாண்ட்' இதுக்கு இன்னும் அழகான உதாரணம். அதில் நாலு வேலை எழுதியிருக்கும், நீங்க ரெண்டைத் தேர்ந்தெடுக்கணும். எதிராளியின் ஒரு ஸ்பெல்லைத் தடுக்கலாம், மேஜையில் இருக்கும் ஒரு கார்டைக் கைக்கு அனுப்பலாம், எதிராளியின் எல்லா கிரீச்சர்களையும் 'டேப்' செய்து படுக்க வைக்கலாம், ஒரு கார்டு எடுக்கலாம். முதல் ரெண்டுக்கும் குறி வேணும். கடைசி ரெண்டுக்கும் வேண்டாம். 'கைக்கு அனுப்பு, கார்டு எடு' என்று தேர்ந்தெடுத்தால், அந்தக் குறி போனதும் கார்டும் போச்சு. 'எல்லோரையும் படுக்க வை, கார்டு எடு' என்றால், குறியே இல்லாததால் புஸ்வாணம் ஆகவே முடியாது. ஒரே கார்டு, ஒரே விலை, ஆனா ரிஸ்க் எவ்வளவு வித்தியாசம்!

பச்சை நிற டெக் ஆடுறவங்களுக்குத் தனியா ஒரு வலி உண்டு. 'ப்ரே அப்பான்' உங்க கிரீச்சரையும் எதிராளியின் கிரீச்சரையும் மோதவிடும். ரெண்டுமே குறிகள். எதிராளி நடுவில் உங்க கிரீச்சரைக் கொன்னுட்டா, ஒரு குறி மிச்சம் இருப்பதால் ஸ்பெல் ரிசால்வ் ஆகும். ஆனா ஒத்தை ஆள் எப்படிச் சண்டை போடும்? ஒண்ணும் நடக்காது. பேர்தான் வேற, உங்க பர்ஸுக்கு நஷ்டம் அதேதான்.

நிஜமான இழப்பு இங்கேதான்

புஸ்வாணத்தை எதிராளியின் தந்திரம்னு மட்டும் நினைக்கிறோம். என்னைக் கேட்டா, புதுசா ஆடுறவங்க அதிகம் தோற்பது தங்களோட சொந்த கிரீச்சர் மேல ஸ்பெல் போடும்போதுதான்.

உங்க 2/2 கரடி அட்டாக் பண்ணுது. ஜெயன்ட் குரோத் போட்டு அதை 5/5 ஆக்கறீங்க. எதிராளி பதிலுக்கு போல்ட் போடுறார். தட்டு அடுக்கை மறக்காதீங்க. கடைசியா வந்த போல்ட் முதலில் ரிசால்வ் ஆகும். அப்போ கரடி இன்னும் 2/2-தான். செத்துப்போச்சு. அப்புறம் உங்க ஜெயன்ட் குரோத் முறை வருது, கரடியைத் தேடுது, காணோம். உங்களுக்கு ரெண்டு கார்டு நஷ்டம், அவருக்கு ஒண்ணு. அதே ரெண்டு கார்டுகள், அதே கரடி. முன்னாடி சொன்ன உதாரணத்தில் அவர் முதலில் போல்ட் போட்டார், கரடி பிழைச்சுது. இங்கே நீங்க முதலில் போட்டீங்க, கரடி செத்துச்சு. வரிசை மட்டும்தான் மாறியிருக்கு!

கிரீச்சர் மேல நிரந்தரமா ஒட்டிக்கொள்ளும் 'ஆரா' கார்டுகளுக்கும் இதே கதிதான். குறிவைத்த கிரீச்சர் நடுவில் செத்தால், ஆராவும் நேரா கிரேவ்யார்டு. அனுபவசாலிகள் பலர் ஆரா கார்டுகளைப் பார்த்து முகம் சுளிக்க இது ஒரு பெரிய காரணம். 2013-ல் வந்த 'தீரோஸ்' செட்டில் 'பெஸ்டோ' என்ற திறனோட வந்த கார்டுகள் இதுக்கு மருந்து மாதிரி. ஆராவாகப் போடும்போது குறி காணாமப்போனா, அந்தக் கார்டு புஸ்வாணம் ஆகாமல், தானே ஒரு கிரீச்சரா வந்து இறங்கிடும்.

அதனால, எதிராளியின் மனாவைப் பாருங்க. அவர் எல்லா லேண்டையும் செலவு பண்ணிட்டார் என்றால், உங்க முக்கியமான ஸ்பெல்லுக்கு அதுதான் நல்ல நேரம். 1 லேண்டாவது திறந்து வெச்சிருந்தா யோசிங்க. போல்ட், அன்சம்மன், கிளவுட்ஷிஃப்ட் எல்லாமே 1 மனாதான். ஆனா மனா இல்லைன்னா ஆபத்தே இல்லைன்னும் நினைக்காதீங்க. விசரா சீருக்கு மனாவே வேண்டாம். அதுமட்டுமில்லை, பலி கொடுப்பது அதுக்கான 'விலை'. விலையைக் கட்டும்போது யாரும் குறுக்கே புக முடியாது. நீங்க கவனிக்கும்போது ஜாம்பி ஏற்கெனவே போயிருக்கும்.

கார்டில் 'டார்கெட்' என்ற வார்த்தை இருக்கான்னு தேடுற பழக்கமும் வேணும். 'ராத் ஆஃப் காட்' எல்லா கிரீச்சர்களையும் அழிக்கும். அதில் டார்கெட்டே கிடையாது, ஹெக்ஸ்ப்ரூஃப் எல்லாம் அதுகிட்ட செல்லாது. 'டயபாலிக் எடிக்ட்' குறிவைப்பது ஆட்டக்காரரை, கிரீச்சரை அல்ல. 'நீயே ஒண்ணைப் பலி கொடு'ன்னு சொல்லும். ஒரு கிரீச்சரைக் கைக்கு எடுத்துக்கிட்டாலும் மிச்சம் இருக்கிறதில் ஒண்ணைக் கொடுத்துத்தான் ஆகணும்.

பேர் மாறிய கதை

கேம் வந்த புதுசில் இந்த ஸ்டேக்கே கிடையாது. யார் எப்போ குறுக்கே வரலாம் என்பதே பெரிய குழப்பமா இருந்துச்சு. 1999-ல் ஆறாவது பதிப்போடு ரூல்களை மாத்தி எழுதினப்போதான் ஸ்டேக் வந்தது. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம், குறி போன ஸ்பெல்லை 'கேம் ரூலால் தடுக்கப்பட்டது'ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. 'தடுக்கவே முடியாது'ன்னு எழுதியிருக்கிற கார்டு எப்படித் தடுக்கப்படும்னு கேள்வி வரும் இல்லையா? 2018-ல் 'டொமினாரியா' செட்டோட அந்த வாசகத்தையே எடுத்துட்டாங்க. இப்போ அது 'ரிசால்வ் ஆகாது', அவ்வளவுதான். யாரும் தடுக்கலை, அதுவா நின்னுபோச்சு. அதனால 'தடுக்க முடியாத' ஸ்பெல்லும் தாராளமா புஸ்வாணம் ஆகும்.

சரி, அந்த ரெண்டு ஜாம்பிகளிடம் திரும்பி வருவோம். உங்க லைஃப் 2. எந்த ஜாம்பியைக் குறிவைத்தாலும் அவர் அதைப் பலி கொடுத்துடுவார், இன்னொண்ணு உங்களை முடிச்சிடும். விசரா சீரையே குறிவைத்தாலும் அது தன்னைத்தானே பலி கொடுத்துக்கும். ஆக, மேஜையில் இருக்கிற எந்த கிரீச்சரும் நம்பகமான குறி இல்லை.

அவர் பலி கொடுக்க முடியாத ஒரே குறி, அவரேதான்! ஹீலிக்ஸை எதிராளி மேலேயே போடுங்க. அவரோட 10 லைஃப் 7 ஆகும், அது முக்கியமில்லை. ஸ்பெல் ரிசால்வ் ஆகும், உங்களுக்கு 3 ஏறி 5 ஆகும். ரெண்டு ஜாம்பியும் சேர்ந்து 4 அடிக்கும். மிச்சம் 1 லைஃப். அடுத்த டர்ன் உங்களோடது, கார்டை எடுங்க!